வாசல் தாளில் எழுதிய பெண்டாட்டி

சமத்துவம் வருவதற்கு முன் எங்கள் பாரிஸ் கட்டடத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. முதல் மாடியில் ஒரு பிரபுவின் குடும்பம், அதற்கு மேல் வக்கீல், அதற்கும் மேல் தையல்காரர், ஆறாம் மாடியில் கூரைக்கடியில் தண்ணீர் சுமக்கும் ஜெரோ. எவ்வளவு மேலே குடியிருக்கிறாரோ அவ்வளவு கீழான ஆள். வாசல் காவல்காரி நான் எல்லோருக்கும் கதவு திறந்தேன். புரட்சி வந்த பிறகும் நான்தான் திறந்தேன்.

ஜெரோ மலைநாட்டுக்காரன். சேன் நதியிலிருந்து இரண்டு வாளி சுமந்து வருவான். வக்கீல் வீட்டுக்குப் பாதி சிந்திய வாளிதான் போகும். பிரபு மகள் ஒதீலின் குளியலுக்கு மட்டும் ஒரு சொட்டு சிந்தாது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஐந்து வருஷம் சுமந்தான். "வச்சுட்டேன் சின்னம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மகா காதலன்!

பிறகு ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று வந்தது. பிரபு சிறையில் செத்தார். வேலைக்காரர்கள் வெள்ளிக் கரண்டிகளோடு சுதந்திரம் அடைந்தார்கள். ஒதீல் தனியாக நின்றாள். அப்போதுதான் உத்தரவு: குடியிருப்பவர்களின் பெயர், வயது, தொழில் எல்லாவற்றையும் தாளில் எழுதி வெளிக்கதவில் ஒட்ட வேண்டும். யாருடைய தலை வேண்டுமோ, தெருவில் நின்றே படித்துக்கொள்ளலாம். எழுதுகிற வேலை என்னுடையது.

ஜெரோ வந்தான். "அக்கா, சின்னம்மா பேரை எம் பேருக்குக் கீழ எழுதுங்க. பெண்டாட்டின்னு."

"ஏண்டா, அவகிட்ட கேட்டியா?"

"நீங்களே கேட்டுடுங்க. எனக்குக் கூச்சமா இருக்கு."

அவள் கழுத்து போகப்போகிறது, இவனுக்குக் கூச்சம்! போய்க் கேட்டேன். "அவருக்கு ஆபத்தில்லையா?" என்றாள் ஒதீல். திமிராக ஏதாவது சொல்லியிருந்தால் வசதியாக வெறுத்திருப்பேன்.

ஒதீல், ஜெரோவின் பெண்டாட்டி, சலவைக்காரி, வயது இருபத்து நான்கு என்று எழுதி ஒட்டினேன். வட்டாரக் குழுத் தலைவர் பிரபுக்களுக்குப் பொய்முடி செய்து பிழைத்தவர். இப்போது பொய்யென்றாலே அவருக்கு ஆகாது. கல்யாணப் பதிவு எங்கே என்றார். மறுநாளே நகரமன்றத்துக்குப் போய் ஐந்து நிமிஷத்தில் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அவள் ஆறாம் மாடிக்குப் போனாள். அவன் என் அறை அடுப்போரம் படுத்தான், இரண்டு வருஷம். காலையில் தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு நிற்பான். அவள் கை வெடிக்கத் துணி துவைத்தாள், அவன் காலுறைகளைத் தைத்தாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "அவருக்கு என்னைப் பிடிக்கலையா?"

"அவன்கிட்டயே கேளேன்."

"எனக்குக் கூச்சமா இருக்கு."

இரண்டு பேரையும் ஒரே வாளியில் முக்கலாம் போலிருந்தது.

தலை வெட்டும் கத்தி ஓய்ந்ததும் ஒதீலின் சித்தப்பா வந்தார். நார்மண்டியில் மாடுகளோடு ஒளிந்திருந்தவர் கையோடு மாப்பிள்ளையும் பார்த்து வந்திருந்தார். விவாகரத்தானவளை அந்த மாப்பிள்ளை ஏற்க மாட்டாராம். கல்யாணமே நடக்கவில்லை என்றாக வேண்டும். அவளிடம் கேட்கவில்லை. ஜெரோவைப் படிக்கட்டில் பிடித்து, "உண்மையைச் சொல்லிடுப்பா, பொண்ணு நல்லா இருப்பா" என்றார். முட்டாள் ஒப்புக்கொண்டான்.

நீதிபதி முன் எல்லோரும் நின்றோம், நான் சாட்சி. ஜெரோ தரையைப் பார்த்தே பேசினான். "உசுரக் காப்பாத்தச் சொன்ன பொய்ங்க அது. சின்னம்மாவை நான் தொட்டதே இல்ல."

நீதிபதி பேனாவை எடுத்தார். ஒதீல் முன்னால் வந்தாள்.

"நான் நாலு மாசம் முழுகாம இருக்கேன்."

சித்தப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஜெரோ வாயைப் பிளந்து, "அது யாரு..." என்று தொடங்கினான். முழங்காலுக்குக் கீழே ஓர் உதை விட்டேன்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "நிஜமா?"

அவன் ஒவ்வோர் இரவும் எங்கே படுத்தான் என்று இந்தப் பாரிஸில் நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "வாந்தி எடுத்துப் படியெல்லாம் நாறுதுங்க. நான்தான் கழுவுறேன்" என்றேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்து, கல்யாணம் செல்லும் என்றார்.

வெளியே வந்ததும் ஒதீல் அவனைச் சட்டையோடு பிடித்தாள். "நீ யாருய்யா, என்னைக் கேக்காம என்னை விட்டுக்கொடுக்க? சித்தப்பாவும் கேக்கல, நீயும் கேக்கல. நான் என்ன, உன் வாளியா?" தெருவில் நின்று அழுதாள். அவனும் அழுதான். நானும் மூக்கைச் சிந்தினேன். சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து அவன் என் அடுப்போரம் படுக்க வரவில்லை. பதினோரு மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. நீதிபதியிடம் சொன்ன நாலையும் சேர்த்தால் பதினைந்து மாதம். பிரபு வீட்டுப் பெண்கள் எதையும் சாவகாசமாகத்தான் செய்வார்கள் என்று தெருவில் சொல்லிவைத்தேன்.