இடது ஒக்கலை

குதிரையை விட்டுவிடுங்கள் என்று டொக்டர் சொன்னபோது, என் நாரியை அவர் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. நாரி என்று நாங்கள் சொல்வது முதுகு முடிந்து இடுப்பு தொடங்குகிற இடம். ஒரு வருடமாக அங்கே வலி. காலையில் குனிந்து ஒரு வாளி தண்ணீரைத் தூக்க முடியாது. மூன்று பிள்ளை பெற்றவள் கல்லடிக் கடற்கரையில் குதிரை ஓட்டித் திரிந்தால் வேறென்ன நடக்கும் என்று ஊர் ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. டொக்டர் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொன்னார். மாத்திரை எழுதினார். போனால் போகிறதென்று ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்கும் ஒரு துண்டு தந்தார்.

குதிரை எங்கள் பிழைப்பு. நுவரெலியாவில் பந்தயம் ஓடி வயது போன பெண்குதிரை ஒன்றை நானும் கணவரும் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பின்னேரம் கடற்கரைக்கு வருகிற பிள்ளைகளை அதன்மேல் இருத்தி, அவர் கயிற்றைப் பிடித்து நடத்துவார். ஆனால் காலையில் யாராவது ஏறி நன்றாக ஓட்டி அதன் துடிப்பை அடக்க வேண்டும். அவருக்கு ஏறப் பயம். ஏறுகிறவள் நான். அந்த வருடம் குதிரை இடப்பக்கமாகவே சரிந்து சரிந்து போகத் தொடங்கியது. அதற்குக் கால் போய்விட்டது என்றார் கணவர். பாசிக்குடாவில் ஹோட்டல் வைத்திருக்கும் ஒருவர், வாசலில் அழகுக்குக் கட்டிவைக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சித்திரைக்குள் நான் பழையபடி ஏறாவிட்டால் குதிரையைக் கொடுத்துவிடுவதென்று வீட்டில் முடிவெடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

பயிற்சிப் பிரிவில் இருந்தவள் ஏறாவூர்ப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். குதிரை என்றதும் அவள் சிரிக்கவில்லை. கண்ணாடி முன் நேராக நிற்கச் சொன்னாள். நேராகத்தான் நின்றேன். கண்ணாடியில் இடது இடுப்பு வெளியே தள்ளி, வலது தோள் இறங்கி, யாரோ ஒருத்தி கோணலாக நின்றாள். அவள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, எந்த ஒக்கலையில் பிள்ளை தூக்கினேன் என்று கேட்டாள்.

இடது ஒக்கலை. வேறெது? அகப்பைக்கு வலது கை வேண்டுமே. மூத்தது, நடுவிலது, கடைசி. தங்கச்சி வெளிநாடு போனபோது விட்டுப்போன அவளுடைய பிள்ளையும். பதினான்கு வருடம் ஒரே இடுப்பில்.

“குதிரை உங்களக் கோணலாக்கயில்ல அக்கா,” என்றாள். “நீங்கதான் குதிரையக் கோணலாக்கிறீங்க.”

வீடு வரும்வரை பஸ்ஸில் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. குதிரையை விடு என்று சொல்லாத வாய் ஊரில் இல்லை. பிள்ளையை இறக்கி வை என்று ஒரு வாய் சொன்னதா?

தான் சொல்லும்வரை குதிரை ஏறவும் வேண்டாம், பிள்ளை தூக்கவும் வேண்டாம் என்றிருந்தாள்; அவள் காட்டிய பயிற்சிகளை அடுத்த நாளே தொடங்கினேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்திப் பத்து எண்ண வேண்டும். கையையும் முழங்காலையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்ட வேண்டும், பிறகு மாற்றி. வாங்குப் பலகையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் வைத்து, எந்தக் கை கூடுதலாக நசிகிறது என்று பார்க்க வேண்டும். முதல் கிழமை ஏழு நாளும் இடது கை விறைத்தே போயிற்று. வீடு என் சீதன வீடு, யாரும் என்னை எழும்பு என்று சொல்ல முடியாது. விறாந்தைக் கதவை வேண்டுமென்றே திறந்துவைத்துக்கொண்டு செய்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று, “எந்த சேர்க்கஸில சேரப் போறாய்?” என்று கேட்டாள்.

அதெல்லாம் சுகம். கடைசிப் பிள்ளையைத் தூக்காமல் இருந்ததுதான் கஷ்டம். அவனுக்கு நாலு வயது. இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு முன்னால் வந்து நிற்பான். நான் நிலத்தில் உட்கார்ந்து மடியில் எடுப்பேன். கோயிலில் அப்படி உட்கார்ந்தபோது, அத்தனை பெண்களுக்கும் முன்னால் அம்மா கேட்டார்:

“பெத்த புள்ளையத் தூக்க ஏலாத நாரிக்குக் குதிரை ஏலுமாகா?”

ஏலும் என்றேன். அம்மா ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது உண்மைதான், ஆனால் தூக்கவில்லை.

ஏறாவூர்ப் பெண் ஏறலாம் என்று சொன்னது பங்குனியில். முதல் நாள் குதிரை வழக்கம்போல் இடப்பக்கம் சரிந்தது. நான் கடிவாளத்தை இழுக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பாரமாக உட்கார மட்டும் பார்த்தேன். தொடை நடுங்கியது. மூன்றாவது கிழமை ஒரு காலையில் கணவர் ஈர மணலில் குளம்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே வெகுதூரம் நடந்துபோனார். தடம் கோடு போட்டமாதிரி நேராகக் கிடந்தது. திரும்பி வந்து குதிரையின் கால்களைத் தடவிப் பார்த்தார். அவற்றுக்கு ஒன்றும் இல்லை என்று நான்தான் சொன்னேன்.

சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன் ஹோட்டல்காரர் லொறியோடு வந்துவிட்டார். கணவர் மணலைப் பார்த்தபடி, “அவவிட்டக் கேளுங்க,” என்றார். நான் குதிரைமேல் இருந்தேன். அந்த மனுசன் கெட்டவரில்லை; உண்மையாகவே இரக்கப்பட்டுத்தான் கேட்டார்.

“இன்னும் நோவு இருக்காமே தங்கச்சி?”

“நோவும் இருக்கு,” என்றேன். “நானும் மேலதான் இருக்கன். லொறியத் திருப்புங்க.”