கணபதியின் முட்டுக்கல்

பதுளைக்கு ரயில் வராத காலம். பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கும் அரிசி மாட்டு வண்டியில்தான் பதுளைக்கு வரும். திரும்பும்போது ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் அதே வண்டியில் மலையேறும். அந்தப் பாதையில் இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவன் கணபதி. நல்லவன்தான். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான்.

தெமோதரைக்குப் பக்கத்தில் நடுப்பகலில் மாட்டை அவிழ்த்துவிட ஒரு வண்டிப்பேட்டை இருந்தது. பேட்டை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவே ஒரே வாசல். முதலில் வந்தவன் உள்ளே போய் நிறுத்துவான். கடைசியாக வந்தவன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான். சரிவான இடம் என்பதால் ஒவ்வொருவனும் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைப்பான்.

வைத்தவனைத் தவிர வேறெவனும் அந்தக் கல்லைத் தொடக்கூடாது என்பது கணபதி கொண்டுவந்த சட்டம். காரணம் இல்லாமல் இல்லை. அவன் குளிக்கப் போயிருந்த ஒரு நாள், இடம் போதவில்லை என்று எவனோ அவன் கல்லை உருவிவிட்டான். மூட்டையோடு வண்டி பள்ளத்தில் உருண்டது, அதில் கட்டியிருந்த ஒரு மாட்டையும் இழுத்துக்கொண்டு. அந்த மாடு சாகச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரைக்கும் கணபதி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்திலேயே கிடந்தான். சூடு கண்ட பூனை அல்லவா, அதன் பிறகு கல் விஷயத்தில் அவனிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

ஒருவர் கொடுத்தார். மொஹிதீன், கணபதியைவிடப் பத்து வயது மூத்த பதுளை வண்டிக்காரர். அண்ணன் என்ற முறையில் கணபதி அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவான். அடைமழையில் தன் அரிசி நனைகிறதே என்று, கணபதியின் கல்லை எடுத்து அவன் வண்டியை ஒரு முழம் தள்ளி, தன் வண்டியை மரத்தடியில் ஒதுக்கினார்.

"கல்ல ஏன் தொட்டீங்க நானா?" என்று கணபதி எல்லார் முன்னாலும் கேட்டான்.

"ஒரு முழந்தானே கணபதி. பக்கத்துலயே நின்டுதான் தள்ளின."

"ஒரு முழமோ ஒரு சாணோ. நாளைக்கு எங்க வீட்ல எழவு விழுந்தாலும் நான் அடுத்தவன் கல்லத் தொடமாட்டேன். நீங்க தொட்டுட்டீங்க."

வண்டிக்காரர்கள் கூடி, வயதில் மூத்தவரை ஒரு மாசம் பேட்டைக்குள் வரக்கூடாது என்று தள்ளிவைத்தார்கள். மழையில் நடுரோட்டில் மாட்டோடு நின்றார் மொஹிதீன். பேட்டைக்குள் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே கணபதி சோறு தின்றான். எனக்கு அவன்மேல் கோபம் வருகிற இடம் இதுதான்.

மறுவருஷம் ஐப்பசியில் கணபதியின் மனைவி லெட்சுமிக்கு எட்டு மாசம். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இதையாவது ஆஸ்பத்திரியில் பெறட்டும் என்று முன்கூட்டியே வண்டியில் ஏற்றிப் பதுளைக்குக் கிளம்பினான். அன்றைக்குப் பேட்டைக்கு முதலில் வந்தவன் அவனே. உள்ளே கொண்டுபோய் நிறுத்தினான். கடைசியாக வந்தவர் மொஹிதீன். அவருடைய மாடு ஒன்றுக்கு லாடம் கழன்றிருந்தது. வண்டியை வாசலில் நிறுத்திக் கல் வைத்துவிட்டு, மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு மைல் தள்ளியிருந்த லாடக்காரனிடம் போய்விட்டார்.

அவர் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் லெட்சுமிக்கு உதிரம் கண்டது. பேட்டையில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ரஹ்மத்தும்மா வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்துப்போய் இறங்கினாள்.

"ரத்தம் நிக்கிற மாதிரி இல்ல. இப்பவே கொண்டு போங்க."

பதுளை ஆறு மைல். நடுவில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் கூடவே இருந்தார்கள், மாட்டைப் பூட்டத் தயாரானார்கள். வாசலில் நின்ற ஒரு வண்டிதான் இடைஞ்சல்.

"தள்ளிருவோமா கணபதி? நீ ஒரு வார்த்தை சொல்லு."

கணபதி குனிந்து மொஹிதீனின் கல்மேல் கை வைத்தான். பள்ளத்தில் கிடந்த மாட்டின் கண் ஞாபகம் வந்தது. தான் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. மழையில் நின்ற மனிதர் ஞாபகம் வந்தது. எந்த மூஞ்சியோடு இதை எடுப்பது? கையை இழுத்துக்கொண்டான்.

"ஓடிப்போயி நானாவக் கூட்டியாந்துர்றேன்" என்று மேட்டில் ஏறி ஓடினான்.

அங்கே எட்டு ஆண்பிள்ளைகள் நின்றார்கள். எட்டுப் பேருக்கும் கை இருந்தது. ஒருவனும் குனியவில்லை.

"சட்டத்த வச்சி அவட ரத்தத்த நிப்பாட்ட ஏலுமா? தள்ளுங்கடா!" என்று ரஹ்மத்தும்மா கத்தினாள். கணபதியின் வாய் வார்த்தை இல்லாமல் கணபதியின் சட்டத்தை மீற அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் மொஹிதீன் மாடுகளை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். "அட பைத்தியக்காரா! கல்லத் தூக்கி வீசிட்டுப் போறதுக்கு என்ன? நான் என்ன மனுசன் இல்லையா?" ஒரே இழுப்பில் கல்லை எடுத்தார். எட்டுப் பேரும் வண்டியைத் தள்ளினார்கள். அதற்குள் முக்கால் மணி நேரம் போயிருந்தது.

மூன்றாவது மைலில் லெட்சுமி கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் பேட்டையிலதான் நிக்கிறோமாங்க?" என்று கேட்டாள்.

கணபதி பதில் சொல்லத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளையும் வயிற்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு கணபதி பேட்டைக்கு முதலில் வந்தாலும் உள்ளே நுழையமாட்டான். எல்லாரும் போகட்டும் என்று ரோட்டில் காத்திருந்து, கடைசியாக வாசலில் நிறுத்துவான். கல் வைத்து, அந்தக் கல்லின் பக்கத்திலேயே உட்காருவான். சோறும் அங்கேதான். மழை பெய்தால் சாக்கைப் போர்த்திக்கொள்வான்.

"கடைக்குள்ள வந்து ஒதுங்கு கணபதி, நான் பாத்துக்கிறேன்" என்று மொஹிதீன் எத்தனையோ தரம் கூப்பிட்டார்.

"வேணாம் நானா. யாருக்காச்சும் அவசரம்னா நான் எடுக்கணுமே."

பதினோரு வருஷம் அப்படி உட்கார்ந்தான். காய்ச்சல் பரவிய ஒரு வருஷம், மதியம் மாடு பூட்டுகிற நேரத்தில் வாசல் வண்டி அசையவில்லை. போய்ப் பார்த்தார்கள். கணபதி சக்கரத்தில் சாய்ந்தபடி, கல்மேல் கை வைத்தபடி செத்துப்போயிருந்தான். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்கும் எவனும் குனியவில்லை.

கிழவராகிவிட்ட மொஹிதீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கணபதியின் விரல்களை மெதுவாகப் பிரித்தார். யாரையும் கேட்காமல் கல்லை எடுத்தார்.