பாமாவின் கால் எழும்பிய அரை நொடி

சத்தியபாமாவுக்குப் பயம் பிறவிக் குணம். புலம்பெயர்ந்து வந்து குடியேறிய ரோவிலில் அவளைத் தெரிந்த தமிழ்ச் சனம் அத்தனைக்கும் அது தெரியும். அடுப்பை நிறுத்தினோமா என்று பார்க்கப் பாதி வழி போன காரைத் திருப்பச் சொல்லுவாள். மகள் ராகவி பல்கலைக்கழகம் போகத் தொடங்கியபோது, ரயில் ஏறியதும் ஒன்று இறங்கியதும் ஒன்று எனத் தினம் இரண்டு செய்தி அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டாள். மகளுக்கு இருபத்தைந்து வயதாகி வேலைக்குப் போன பிறகும் அந்தச் சட்டம் நீக்கப்படவில்லை.

முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் அவளுக்குப் பதினாறு வருட வேலை. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சாப்பாட்டை மசித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. ஒரு பருக்கை மசியாமல் கிடந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அங்கே அவளுடைய பயத்துக்கு நல்ல பெயர். வீட்டில்தான் அது பகிடி. "அக்கா, உனக்கு எப்பதான் பயமில்லை?" என்று பொயிண்ட் குக்கில் இருக்கும் தங்கை மயூரா ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் அருந்தவன். மல்கிரேவில் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு மாரடிக்கிறவர். ஐம்பது வயதுவரை குழாய் ஒழுகினால்கூட ஆள் பிடிக்கிற மனிதர், ஒரு சனிக்கிழமை கோலாக் பக்கத்துப் பண்ணைக் கொட்டில் ஒன்றிலிருந்து 1948ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 காரை லொறியில் ஏற்றி வந்து வீட்டு வாசலில் இறக்கினார். கூரையில் கோழி எச்சம், இருக்கைக்குள் எலிக் கூடு.

"இதை ஹொட் ரொட் ஆக்கப் போறன்" என்றார்.

பழைய காரின் உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே பெரிய எஞ்சின் இறக்கி, முன்பக்கத்தைத் தணித்து, பின்னால் தடித்த ரயர் மாட்டி, தெரு அதிர ஓட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். வசதியானவர்கள் அதற்கென்று பட்டறை வைத்திருப்பார்கள். அருந்தவனிடம் இருந்தது ஒற்றைக் கார் நிற்கும் கராஜ், ஒரு ஜாக்கி, நாலு தாங்கி, ஒரு பெட்டி ஸ்பானர், இரும்பு அறுக்கும் மெஷின் ஒன்று, யாரோ கழித்துவிட்ட வெல்டிங் பெட்டி ஒன்று. மற்றதெல்லாம் யூடியூப் பார்த்துக் கற்ற வித்தை.

ஆறு வருடம் அந்தக் கராஜிலிருந்து நெருப்புப் பொறி பறந்தது. ஆறு வருடமும் பாமா வாசலில் ஒரு வாளி தண்ணீரோடு நின்றாள். அவருடைய ஐம்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு அவள் கொடுத்த பரிசு தீயணைக்கும் சிலிண்டர். அவர் அதை விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டிச் சிரித்தார். ஆனால் பாவி மனிதர் ஒரு நாளும் அதை இடம் மாற்றி வைக்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது பிரேக். அதில் எண்ணெய் விட்டு, குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க, மற்றவர் சக்கரத்துப் பக்கம் சில்லடியில் குந்தியிருந்து சின்னத் திருகாணி ஒன்றைத் திறந்து மூட வேண்டும். திறந்ததும் அதில் மாட்டிய கண்ணாடி போன்ற குழாய் வழியாக எண்ணெயோடு காற்று வெளியேறும். மூடும்வரை மிதித்த கால் அப்படியே இருக்க வேண்டும்.

"நான் சொல்லுமட்டும் காலை எடுக்கக் கூடாது பாமா" என்றார் அருந்தவன். "எடுத்தீரோ, வெளியில போன காத்து திரும்ப உள்ள வரும். காத்து உள்ள நிண்டா பிரேக் இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. அதற்கு மேல் அவளுக்கு விளக்கத் தேவையே இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். "மிதியும்... பிடியும்... விடும்." ஒவ்வொரு சில்லுக்கும் இருபது தடவை. முதல் சில்லிலேயே அவள் பதற்றத்தில் ஒருமுறை முந்திக் காலை எடுத்துவிட்டாள். அவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"ஒரு காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கவும் தெரியாதே உமக்கு? இவ்வளவு நேரமும் செய்தது எல்லாம் வீண்!"

அவள் மறுபடி மிதித்தாள். இரண்டாவது, மூன்றாவது முடிந்து, கடைசியாக ஓட்டுநர் பக்கத்து முன் சில்லுக்கு வந்தார்கள். இரண்டு மணித்தியாலம் மிதித்த கால். "பிடியும்" என்ற குரல் வந்தது, "விடும்" வரவில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகி, இழுத்துப் பிடித்தது. அவளையறியாமல் பாதம் மேலே எழும்பிற்று. அரை நொடிதான். உடனே திரும்ப அழுத்திவிட்டாள்.

"விடும்" என்றார் அவர், கொஞ்சம் பிந்தி. பிறகு, "சரி, முடிஞ்சுது."

சொல்லியிருக்கலாம். கால் எழும்பிவிட்டது, இன்னொருமுறை செய்வோம் என்று ஒரு வசனம். ஆனால் அந்தக் கத்தலை அதே நாளில் இரண்டாம் தடவை வாங்கிக் கட்ட அவளுக்குத் தெம்பில்லை. நொண்டிக்கொண்டு குசினிக்குள் போய்த் தேத்தண்ணீர் வைத்தாள்.

மாலையில் அவர் காரை வாசலுக்கும் கராஜுக்கும் இடையே மெல்ல உருட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தார். நின்றது. "கொஞ்சம் மெத்தெண்டுதான் கிடக்கு. எல்லாம் புதுச் சாமான், ஓட ஓடச் சரிவரும்" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். சனிக்கிழமை டண்டினோங்கில் ஒரு எஞ்சினியரிடம் காரைக் காட்ட வேண்டும். அவர் சரி சொன்னால்தான் பதிவு. பதியாத காரை அங்கே கொண்டு போக ஒரு நாள் அனுமதிச் சீட்டும் வந்துவிட்டது.

அவர்களுடைய தெரு வீட்டிலிருந்து சரிவாக இறங்கி நேரே வெலிங்டன் றோட்டில் முட்டும். அங்கே லொறிகள் மணிக்கு எண்பது கிலோமீற்றரில் போகும். இருபது வருடம் இறங்கிய சரிவு. அந்தக் கிழமை முழுக்கப் பாமாவுக்கு அது மலையாகத் தெரிந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவள் வாழ்நாள் முழுக்கக் கண்டது அந்தப் பேய்களைத்தான். இப்போது உண்மையாகவே ஒன்று கராஜுக்குள் நிற்கிறது, அவளாகவே உள்ளே விட்டது. புதன்கிழமை சாப்பாட்டு மேசையில், "எனக்குச் சரியான பயமாக் கிடக்கு" என்று தொடங்கினாள்.

"உமக்குப் பயமில்லாத நாள் ஒண்டைச் சொல்லும் பாப்பம்" என்று அருந்தவன் சிரித்தார். ராகவியும் சிரித்தாள். அவள் எழும்பிச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தாள். தங்கைக்குத் தொலைபேசி எடுத்துப் பயமென்று தொடங்கினாள். அங்கேயும் அதே சிரிப்பு. புலி வருது, புலி வருது என்று சொல்லியே வளர்ந்தவள் உண்மைப் புலியை யாரிடம் போய்க் காட்டுவது?

வியாழக்கிழமை அவளுக்கு லீவு. வீட்டில் யாருமில்லை. கராஜுக்குள் போய் ஒஸ்ரினில் ஏறி இருந்து பிரேக்கை மிதித்தாள். ஈரத் துணியை மிதித்ததுபோல் மெத்தென்று கீழே போனது. இறங்கி வெளியே வந்து, தான் வேலைக்குக் கொண்டு போகும் காரில் ஏறி மிதித்தாள். இரண்டு மிதியில் அது கல்லாக நின்றது. திரும்பவும் உள்ளே போனாள், மெத்தென்றது. வெளியே வந்தாள், கல். நாலு தடவை போய் வந்தாள். பழைய கார் அப்படித்தான் இருக்குமோ? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அன்று அவள் சமைத்த கறிக்கு உப்புப் போடவில்லை, யாரும் சொல்லும்வரை அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளி மாலை வேலையால் வந்த ராகவி செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, நாளைக்கு நானும் வாறன். ஃபர்ஸ்ட் டிரைவ், ஐம் நாட் மிஸ்ஸிங் இட்."

பாமாவின் கையிலிருந்த அகப்பை சட்டியில் மோதிற்று. "நீ ஏன்? அப்பா தனியப் போகட்டுமே."

"அம்மா, பிளீஸ். டோன்ட் ஸ்டார்ட்."

அருந்தவன் கையிலே கிரீஸோடு வாசலில் நின்று மகளைப் பார்த்தார். அவள் பிறந்த அன்றைக்கு அவருக்கு இருந்த முகம் அது. அந்த முகத்தைக் கண்டதும் பாமா சொல்ல வந்ததை விட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். கோழை என்று நீங்கள் சொல்லலாம். நானும் சொல்லுவேன். ஆனால் அவளுக்குத் தன் புருஷனின் கத்தலுக்கும் பயம், அவருடைய சந்தோசத்தைக் கெடுக்கவும் பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் பெற்ற பிள்ளையை வைத்துவிட்டுக் குசினியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. புதுக் கார் என்றால் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசித்துத்தான் ஓட வேண்டும். எழுபது வருடத்துப் புதுக் காருக்கும் அதுதான் முறை. நாலு பழத்தோடு பாமா வாசலுக்கு வந்தாள். செக்கச்செவேல் என்று நிறம் பூசிய ஒஸ்ரின், எஞ்சின் உறுமி நிலம் அதிர நின்றது. அருந்தவன் ஸ்டியரிங்கில், பக்கத்தில் ராகவி. பெல்ட் பூட்டிக் கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

பின்சில்லு இரண்டுக்கும் வைத்தாள். முன்னால் இடது பக்கம் வைத்தாள். கடைசிப் பழத்தோடு ஓட்டுநர் பக்கத்து முன் சில்லடியில் குந்தினாள். அந்தச் சில்லுதான். அங்கேயிருந்து பார்த்தால் சரிவின் அடியில் வெலிங்டன் றோட்டு தெரியும். ஒரு கொங்கிறீற் லொறி போயிற்று. பின்னாலேயே இன்னொன்று.

பழத்தை வைத்தாள். எடுத்தாள். பழத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு சில்லுக்கு முன்னால் சிமெந்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

ஹோர்ன் அடித்தது. "பாமா, எழும்பும், நேரம் போகுது!"

"அம்மா, மூவ்!"

அவள் சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. இன்னும் பலத்துச் சொன்னாள். மூன்றாம் தடவை தெருவுக்கே கேட்கக் கத்தினாள்: "நான் காலை எடுத்திட்டன்!"

எஞ்சின் நின்றது. திடீரென்று ஊர் அமைதியாயிற்று.

"என்ன சொல்றீர்?"

"அண்டைக்கு, இந்தச் சில்லுக்கு. நீங்கள் விடும் எண்டு சொல்ல முதல் எனக்குக் கால் பிடிச்சு இழுத்தது. எழும்பிட்டுது. நான் சொல்லேல்லை. பிரேக்குக்குள்ள காத்துக் கிடக்கு. போகாதேங்கோ. பிள்ளையை இறக்குங்கோ."

கத்தலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கத்தல் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அருந்தவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை.

"குழாயில ஒரு குமிழ் திரும்பி உள்ள போனதைக் கண்டனான். நான்தான் பூட்டப் பிந்திட்டன் எண்டு நினைச்சன். இன்னொருக்காச் செய்வம் எண்டு உம்மட்டைக் கேக்க வேணும். முதலே அவ்வளவு கத்திப்போட்டன். நீர் நொண்டிக்கொண்டு போறீர். உம்மட முகத்தைப் பாக்க எனக்குப் பயமாக் கிடந்தது, பாமா. ஒரு குமிழ்தானே எண்டு விட்டிட்டன்."

பெல்ட் கழலும் சத்தம் கேட்டது. ராகவி போனை மடியில் வைத்திருந்தாள்.

"ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள். "ரெண்டு பேரும் தெரிஞ்சுகொண்டுதான் என்னை ஏத்தினனீங்கள்."

அவள் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, வீட்டுப் படியில் போய் இருந்தாள். அடித்துச் சாத்தியிருந்தால் பாமாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எஞ்சினியருக்குத் தொலைபேசியில் வரவில்லை என்று சொன்னார்கள். காரைக் கராஜுக்குள் தள்ளி, ஜாக்கி வைத்து, தாங்கியில் நிறுத்தி, முன் சில்லைக் கழற்றினார் அருந்தவன். ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் குழாயின் நுனியை விட்டார். பாமா உள்ளே ஏறி இருந்தாள்.

"மிதியும். பிடியும்."

பிரேக் அவள் காலடியில் இறங்கியது. மட்காட்டுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"வருதோ?"

"வருது." கொஞ்ச நேரம் பொறுத்து, "இன்னும் வருது." அந்தக் குரல் நடுங்கியது. இருபத்தெட்டு வருடத்தில் அவள் அவர் குரலில் கேட்காத நடுக்கம். "ஒண்டில்லை பாமா. சவ்வரிசி மாதிரி வந்துகொண்டே இருக்குது. கீழ சந்தியில கார் நிண்டிராது."

நடக்காமல் போன ஒன்றுக்கு இவ்வளவு பயப்பட முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. படியில் இருந்த ராகவியைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை இருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, முழுசாக.

கெண்டைக்கால் இறுகத் தொடங்கியது. அதே இடம், அதே நோவு.

"இஞ்சாருங்கோ, எனக்குக் கால் பிடிச்சு இழுக்குது. கெதியாப் பூட்டுங்கோ."

போன ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டிய வசனம். எவ்வளவு சின்னது.

"பூட்டிட்டன். விடும்."

அவள் விடவில்லை. "வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

அவர் குனிந்து, ஸ்பானரை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். "ஓம். பூட்டித்தான் கிடக்கு. விடும்."

விட்டாள். திரும்ப மிதித்தாள். இப்படிப் பத்துத் தடவைக்கு மேல், குமிழ் நிற்கும்வரை. பிறகு மற்ற மூன்று சில்லுக்கும். கடைசியில் பிரேக் அவள் காலுக்குக் கீழே கல்லாக நின்றது. அருந்தவன் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு எழும்பி, "சரி, இனிப் பயமில்லை" என்றார்.

"இன்னொருக்காச் செய்யுங்கோ" என்றாள் ராகவி படியிலிருந்து.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை, அந்தச் சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகம் அப்படியே மகளில் வந்திருந்தது.

அருந்தவன் திரும்பக் குந்தினார். பாமா காலைத் தூக்கிப் பிரேக்கில் வைத்தாள்.