அம்மாவின் கைப்பக்குவம்

உயிரோடு இருந்தவரை அம்மாவிடம் போனில் சேர்ந்தாற்போல் மூன்று நிமிடம் பேசாத அண்ணன், அவள் போன இரண்டே வாரத்தில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்து நின்றான். அன்பான மனைவி, பாசமுள்ள தாய், செல்லம் கொடுத்த பாட்டி என்று ஆரம்பித்து கருணை, பொறுமை, அடக்கம் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக் கொட்டியிருந்தான். சாயங்காலம் குடியிருப்பின் கீழ்த்தள ஹாலில் நினைவுக் கூட்டம். அங்கே இந்த நான்கு பக்கத்தையும் தங்கைதான் வாசிக்க வேண்டும். டீச்சர் ஆயிற்றே, மைக் பிடித்தால் தொண்டை அடைக்காதாம்.

அவள் படித்துப் பார்த்தாள். அடக்கம் என்ற இடத்தில் இருமல் வந்தது.

அம்மா பஸ்ஸில் டிக்கெட் செக்கராக இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். டிப்போவில் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர். நிறுத்தத்தில் அவள் தலை தெரிந்தாலே டிரைவரின் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். கருணை என்று எழுதியிருக்கிறானே இந்த அண்ணன், ஒன்பதாம் வகுப்பில் சிநேகிதனின் பஸ் பாஸை வைத்துக்கொண்டு ஜம்மென்று ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். அம்மா ஏறினாள். பாஸில் இருந்த போட்டோவைப் பார்த்தாள், இவன் மூஞ்சியைப் பார்த்தாள்.

"அம்மா..." என்றான் இவன் மெதுவாக.

"அம்மா வீட்டுல இருப்பாங்க. நீ இறங்கு."

நான்கு நிறுத்தம் நடந்து வந்தான். பேத்திக்குக் கொடுத்த செல்லமும் இதே ரகம்தான். ஆறு வயதுப் பெண், பாம்பும் ஏணியும் விளையாட்டில் காயை ஒரு கட்டம் கூடுதலாக நகர்த்திவிட்டாள். முதல் கட்டத்திலிருந்து ஆரம்பி என்று சொல்லிவிட்டாள் பாட்டி. குழந்தை ஒரு மணிநேரம் அழுதது. பாட்டியும் ஒரு மணிநேரம் அசையாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. "எங்கள் அம்மாவின் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று அது தொடங்கியது.

அம்மாவுக்குச் சுடுதண்ணீர் வைக்கவே ஒழுங்காக வராது. கல்யாணமான முதல் வாரம் அவள் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, எட்டாம் நாள் அப்பா வாய் பேசாமல் கரண்டியை வாங்கிக்கொண்டார். குடிநீர் வாரிய ஆபீசில் குமாஸ்தா அவர். ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மாவின் ஷிப்ட் எப்போது முடியும் என்று அந்த டிப்போவுக்கே தெரியாது. இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமியார் வந்து தங்கினாள். சாப்பிட்டுவிட்டு மருமகளை ஆகா ஓகோ என்றாள். தன் மகன் அடுப்படியில் நிற்கிறான் என்று தெரிந்தால் கிழவி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவாள் என்று அப்பா கமுக்கமாக இருந்துவிட்டார். அன்றைக்குத் தொடங்கிய பொய் நாற்பத்தொரு வருஷம் ஓடியது.

வீட்டு வாசலில் மணி அடித்தால் அது ஒரு அஞ்சலோட்டம். அண்ணன் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதுபோல் ஆட்டி ஆட்டி நேரம் கடத்துவான். தங்கை அப்பாவின் இடுப்பில் இருக்கும் துண்டை உருவுவாள். அப்பா பாய்ந்து போய்ப் பேப்பரை விரித்துக்கொள்வார். அம்மா கரண்டியை வாங்கிக்கொண்டு, புடவைத் தலைப்பால் வராத வியர்வையைத் துடைத்தபடி வெளியே வருவாள். "அவருக்கா? அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது" என்று வந்தவர்களிடம் சொல்வாள். டிக்கெட் இல்லாமல் யாரையும் ஓரடி நகரவிடாத பெண்மணி, இந்த ஒரு பொய்யில் மட்டும் ஓசியில் ஊர் சுற்றினாள்.

ஹாலுக்குக் கிளம்பும்போது அப்பா மகளின் கையிலிருந்த காகிதத்தைத் தொட்டார். "அந்தப் பத்தியை எடுத்துடும்மா. அது அவ இல்ல."

"சும்மா இருங்கப்பா" என்றான் அண்ணன். "சொந்தக்காரங்க முன்னாடி மானத்தை வாங்காதீங்க."

எடுத்துவிடத்தான் நினைத்தாள். மைக் முன்னால் நின்றதும் டீச்சரின் தைரியம் எங்கே போனதோ தெரியவில்லை, எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். கைப்பக்குவம் வந்ததும் முதல் வரிசையில் அப்பாவின் அக்கா மூக்கை உறிஞ்சினாள். "சத்தியமான வார்த்தை" என்றாள். பின்னால் பத்துப் பேர் தலையாட்டினார்கள்.

அப்பா எழுந்து நின்றார்.

"அதெல்லாம் நான் சமைச்சது."

"பாவம், துக்கத்துல என்னென்னவோ பேசுறான். உட்காருடா தம்பி" என்றாள் அத்தை. நாலு பேர் பரிதாபமாக உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்பா உட்காரவில்லை. மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. இவ்வளவு நேரம் வாசித்ததற்காக அவளுக்கே அவள்மேல் வெறுப்பு வந்தது.

"ஆமா அத்தை, அப்பாதான் சமைச்சாரு" என்றாள் மைக்கிலேயே. "எல்லா நாளும். அம்மாவுக்குச் சமைக்கவே தெரியாது."

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப நான் பக்குவம் கேட்டப்பல்லாம்?"

"அப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுவாங்க. வழியில பாதியை மறந்துடுவாங்க."

"வேணும்னே மறைக்கிறாள்னு நெனச்சு அவகூட ரெண்டு வருஷம் பேசாம இருந்தேனேடி!" அத்தைக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. எழுந்து தம்பியின் பக்கம் திரும்பினாள். "சமைச்சது நீ. சரி. அப்ப அவ என்னதாண்டா பண்ணா அந்த வீட்டுல?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"சாப்பிட்டா" என்றார் அப்பா.

யாரோ சிரித்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பிடுவா அக்கா. முதல் வாய்லயே ஒரு குறை சொல்லுவா. உப்பு இல்லம்பா, வேகலம்பா, டிப்போ கேன்டீன் தேவலம்பா. சொல்லிக்கிட்டே தட்டை வழிச்சுச் சாப்பிடுவா. இப்ப ரெண்டு வாரமா இந்தப் பிள்ளைங்களுக்குச் சமைச்சுப் போடுறேன். நல்லாருக்குப்பா, நல்லாருக்குப்பான்னு சொல்லிட்டுப் பாதியிலேயே எந்திரிச்சுப் போயிடுதுங்க."