காதுக்கு மட்டும்

அலுவலகத்தில் அவளுக்கு ‘வரியக்கா’ என்று பெயர். அதைக் கேள்விப்பட்ட உறவுக்காரர்கள் அவள் வரி வசூலிக்கும் இடத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டார்கள். பெரியப்பா ஒருவர் வீட்டு வரியைக் கொஞ்சம் குறைத்துத் தரச்சொல்லி நேரிலேயே வந்துவிட்டார். அவள் பார்த்தது வேறு வரி. திரையிலோ காகிதத்திலோ எழுத்து வந்து விழும்போது ஒரு வரி எந்தச் சொல்லோடு முடிய வேண்டும், அடுத்தது எவ்வளவு கீழே தொடங்க வேண்டும், கொடுத்த கட்டத்துக்குள் எத்தனை வரி அடங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற லைப்ரரி ஒன்றை அவள் கவனித்துவந்தாள். புத்தகம் அடுக்கிவைக்கிற லைப்ரரி இல்லை. ஓரிடத்தில் எழுதிவைத்த நிரலை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் செருகிக்கொள்வது. யார் யார் செருகிக்கொண்டார்கள் என்று அவளுக்கே முழுதாகத் தெரியாது. அதுவரை அது அவளை உறுத்தியதும் இல்லை.

மற்றபடி பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். வேலையில் மட்டும் கை கொஞ்சம் துணிந்து போகும். கட்டத்தின் அடியில் வரி பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறது, பார்க்கவே அசிங்கம் என்று யாரோ புகார் அனுப்பியிருந்தார்கள். அவளுக்கும் நியாயமாகப் பட்டது. முழுசாக அடங்காத வரியை வரையவே வேண்டாம் என்று சின்னதாக ஒரு மாற்றம் செய்து வெளியிட்டாள்.

சில வாரங்கள் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் நாத்தனார் போன் செய்தாள். ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து கொடுக்கும் பிரிவில் இருப்பவள்.

“அண்ணி, நீங்க இந்த எழுத்து, வரி எல்லாம்தானே பாக்குறீங்க? இங்க சொட்டு மருந்து பாட்டில்ல ஒட்டுற லேபிள்ல கடைசி வரி வரமாட்டேங்குது. நேத்து சாஃப்ட்வேரப் புதுசா மாத்திட்டுப் போனாங்க, அதுலேருந்துதான்.”

“கடைசி வரின்னா... என்ன வரிம்மா?”

“‘காதுக்கு மட்டும்’. இல்லேன்னா ‘கண்ணுக்கு மட்டும்’.”

போனைக் காதில் இடுக்கியபடியே லேபிளின் அளவைக் கேட்டு, அதே வாசகத்தைத் தட்டிப் பார்த்தாள். நான்கு வரி வர வேண்டிய இடத்தில் மூன்றுதான் வந்தது. மேலே சுழியும் கீழே வளைவுமாக எழுத்துகள் நிற்பதில் கடைசி வரி கட்டத்தை ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. அவ்வளவுதான், லைப்ரரி அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டது. முந்தைய பதிப்பில் பார்த்தாள். வால் கொஞ்சம் வெட்டுப்பட்டு, ஆனாலும் படிக்கும்படியாக, அந்த வரி இருந்தது.

“லேபிள் அடிக்கறத நிறுத்தச் சொல்லு. கையால எழுதிக் குடுங்க. வாங்கிட்டுப் போனவங்க எல்லாருக்கும் போன் போடு.”

“என்ன அண்ணி, குரல் இப்படி நடுங்குது?”

“நான் பண்ணினதுதாம்மா அது.”

மேனேஜரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். “மேல கேக்காம எதையும் வெளிய போடாத. தப்பு நம்மளுதுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.”

“கண்ணு சார்.”

“புரியுது. சாயங்காலம் வரைக்கும் பொறு.”

அவள் பொறுக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்கிற வீரமெல்லாம் இல்லை; போய்விடுமே என்கிற பயத்தோடுதான் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று, யாரும் பயன்படுத்த வேண்டாம், கடைசி வரி விழுந்துபோகிறது என்று எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் எழுதிப் போட்டாள்.

மறுபடி நாத்தனார். எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், ஒரு வெல்டரைத் தவிர. கண் உறுத்தல், காதுவலி இரண்டுக்குமாக ஒரே மாதிரி இரண்டு குட்டி பாட்டில் வாங்கிப் போயிருக்கிறான். இரண்டிலும் ‘காலை, இரவு இரண்டு சொட்டு’ என்பதோடு லேபிள் முடிந்துவிட்டது. போனை எடுக்கவில்லை.

இருவரும் ஆட்டோ பிடித்து அவனுடைய பட்டறைக்குப் போனார்கள். உள்ளே தகரக் கூரைக்குக் கீழே, இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் குந்தியிருந்தவன் கூப்பிட்டதும் முகமூடியைத் தூக்கினான். இடது கண் ரத்தமாகச் சிவந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“காலைல ஊத்துனேங்க. மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரிஞ்சிச்சு. மருந்துன்னா எரியத்தானே செய்யும்னு விட்டுட்டேன்.”

“எந்த பாட்டில்?” என்றாள் நாத்தனார். அவன் ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் மருந்தின் பெயரைப் படித்துவிட்டு, “இது காதுக்கு” என்று அதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் கழுவிவிட்டு விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். வெளியே பெஞ்சில் வெல்டரின் மனைவி வந்து உட்கார்ந்தாள். அவளிடம் போய் நின்று, “தப்பு என்னோடது” என்றாள் வரியக்கா. எப்படி என்று விளக்க ஆரம்பித்தாள். கட்டம், உயரம், வரி என்று சொற்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

அந்தப் பெண் கையை உயர்த்தி நிறுத்தினாள். “எனக்கு ஒண்ணும் புரியல. கண்ணு போயிருந்தா நீ குடுப்பியா?”

டாக்டர் வெளியே வந்து, மேல்பூச்சாகத்தான் புண்ணாகியிருக்கிறது, ஆறிவிடும், ஆறும்வரை நெருப்புப் பக்கம் போகக் கூடாது என்றார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவள் பக்கம் திரும்பவே இல்லை. புண் ஆறி அவன் வேலைக்குத் திரும்பியதை நாத்தனார்தான் பிறகு சொன்னாள்.

மேனேஜர் சில காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை என்னவோ தங்கிவிட்டது. அடங்காத வரி இருந்தால் அதை ஒளிக்காமல், இடம் போதவில்லை என்று கத்திச் சொல்லும்படி அவள் லைப்ரரியை மாற்றி எழுதினாள். எழுதி முடித்தும் வெளியிட மனம் வரவில்லை. பக்கத்து இருக்கைப் பெண்ணைக் கூப்பிட்டு அருகில் உட்காரவைத்துக்கொண்டாள்.

“எல்லாம் சரியா இருக்குக்கா. அமுத்துங்க.”

“இன்னொரு தடவை பாத்துடேன்.”

அந்தப் பெண் சலித்துக்கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். இவள் வியர்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.