ஏரியில் சாய்ந்த படகும் அம்மா போட்ட முடிச்சும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அம்மா தைத்த ரவிக்கையைப் போட்டவர்கள். சிலர் அம்மா செய்த படகில் ஏறியவர்கள். அந்தப் படகு ஏரியில் சாய்ந்த நாளில் கரையில் நின்று பார்த்தவர்களும் இருக்கிறீர்கள். அம்மாவின் முதலாண்டு நினைவுக்கு எழுதும்போது அந்த நாளையும் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுதும்மா. இனிமே யாரு தடுக்கப் போறாங்க" என்றார்.

அம்மா போளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஐந்து பெண்களில் நான்காவதாகப் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்குள் அவர் போனதெல்லாம் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிய உணவு வேளைக்கு மட்டும்தான். அப்பாவைக் கைப்பிடித்துத் திருவண்ணாமலைக்கு வந்தார். அப்பா ஆட்டோ ஓட்டினார். அம்மா வேங்கிக்காலில் வாடகை வீட்டு முன்னறையில் தையல் எந்திரம் போட்டார்.

டேப்பில் இருக்கும் எண்களை அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நூலில் முடிச்சுப் போட்டு அளவெடுப்பார். ஆளுக்கொரு நூல், சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கும். சித்தி ஒருமுறை அளவு கொடுக்க வந்தபோது, "உனுக்கு நூலு பத்தாதுடி, கயிறு வாங்கினு வரணும்" என்றார். சித்தி இன்றும் அதைச் சொல்லிச் சிரித்து, பிறகு அழுகிறார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான். துணி கொடுக்க யாராவது வந்துவிட்டால் போதும், அம்மா டேப்பை நீட்டி, "இது என்னா போட்டுக்கீது, படிம்மா" என்பார். நூல் கையில் இருக்கும்போது டேப் எதற்கு? மகள் படிப்பதை வந்தவர்கள் கேட்க வேண்டும், அதற்குத்தான்.

அம்மா படகு கட்டத் தொடங்கியது ஒரு கேலியால்தான். தீவு நாட்டுப் பெண்மணி ஒருவர் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் செங்கம் சாலை விடுதிக்கு வந்து தங்குவார். படகுகளுக்கு வரைபடம் போட்டு, இணையத்தில் விற்பது அவர் தொழில். அவர் வரைவது ஒல்லியான படகு, அதன் ஒரு பக்கத்தில் இரண்டு கம்புகள் நீண்டிருக்கும், கம்புகளின் நுனியில் ஒரு மிதவை. படகு கவிழாமல் பிடித்துக்கொள்வது அந்த மிதவைதான். பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மேலே பசை பூச வேண்டும். இங்கேயே ஒன்று செய்து பார்க்க ஆசைப்பட்டு அவர் தச்சர்களிடம் கேட்டபோது, "பலகைய தைக்கணுமா? டெய்லராண்ட குடுங்க" என்று சிரித்திருக்கிறார்கள். கூடப் போன விடுதிக் காவலாளி அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

அம்மா படத்தைப் பார்த்தார். "ஓட்ட போட்டு இழுத்துக் கட்றதுதானே? துணியாவது நழுவும். இது எங்க போவப் போவுது!"

இருவருக்கும் பொதுவாக இருந்த ஒரே சொல் 'அக்கா'. அவரும் அம்மாவை அக்கா என்பார், அம்மாவும் அவரை அக்கா என்பார். எங்களுக்கு அவர் பெரியம்மா ஆனார். முதல் சின்னப் படகு ஏரியில் மிதந்ததும் விடுதிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். ஒவ்வொரு படகுக்கும் பெரியம்மாவிடம் தனியாக வரைபடம் வாங்கச் சொல்லிவிடுவார் அம்மா. "அவங்க மூளைய நாம சும்மா எடுத்துக்கக் கூடாது" என்பார்.

பிறகு ஒரு விடுதிக்காரர் ஆறு பேர் உட்காரும் பெரிய படகு வேண்டுமென்று வந்தார். வரைபடத்தையும் அவரே இணையத்தில் மலிவாக வாங்கி அச்செடுத்து வந்திருந்தார். பார்க்கப் பெரியம்மா போட்டது போலவே இருந்தது. அவர் பெயர் மட்டும் இல்லை. நான் அப்போது பாலிடெக்னிக்கில் சிவில் கடைசி ஆண்டு. அளவுகளை உரக்கப் படித்தேன். அம்மா மிதவைக் கம்புக்கென்று தன் மனதில் பட்ட அளவுக்கு ஒரு நூலில் முடிச்சுப் போட்டுவைத்திருந்தார். நான் சொன்ன கம்பின் நீளத்தைக் கேட்டதும் முகம் சுளித்தார்.

"சின்ன போட்டுக்கும் இதே கம்பு, பெரிய போட்டுக்கும் இதே கம்பா? அக்கா ஜாக்கெட்டுக்குத் தங்கச்சி கைய வெச்சி தெச்ச மாதிரி கீதும்மா. பெரிம்மாவ ஒரு வார்த்த கேளேன்."

"அம்மா, இது ஒண்ணும் டெய்லர் கடை இல்ல. பிளான்ல போட்டிருக்கு. படிச்சவ சொல்றேன், வெட்டுங்க."

அம்மா நூலை ஆணியில் மாட்டினார். நான் சொன்ன அளவில் கம்பை வெட்டினார்.

வெள்ளோட்டத்துக்கு அப்பா இரண்டு நடையாக உங்களையெல்லாம் ஆட்டோவில் கூட்டிவந்தார். அம்மாவும் விடுதி ஆட்கள் நால்வரும் ஏறினார்கள். கரையிலிருந்து பத்தடி போனதும் படகு சாய்ந்தது. இடுப்பளவு தண்ணீர்தான், எல்லோரும் எழுந்து நின்றார்கள். கரையில் சிரிப்பு. விடுதிக்காரர் சிரிக்கவில்லை. "ஜாக்கெட் தெக்கிற அம்மாகிட்ட படகு கட்டக் குடுத்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்றார்.

அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே, "நான்தாங்க கம்ப தப்பா அளந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றார்.

நான் வாயைத் திறக்கப் போனேன். என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "நான் படிக்காதவ. என்ன யாரு என்னா சொன்னாலும் தாங்கும். படிச்ச பொண்ணு தப்பா சொல்லிடுச்சுன்னு ஒரு வாய் பேசக் கூடாது. நான் இருக்கிற வரைக்கும் இதப் பத்தி நீ மூச்சு விடாத."

மறுநாள் அந்த வரைபடத்தைப் படமெடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார். பெரிய படகின் உடலையும் சின்னப் படகின் கம்புகளையும் யாரோ திருடி ஒட்டி, அவர் பெயரை அழித்து விற்கிறார்கள். அவருக்குப் போன வருமானத்தைப் பற்றி ஒரு வரிதான் சொன்னார். வேறு ஊர்களிலும் இதே போலிப் படத்தை நம்பிக் கட்டியவர்கள் தலைகுனிந்து நிற்பதைத்தான் நிறையச் சொன்னார். படகு சாய்ந்தால் படத்தை விற்றவனை யாரும் பார்ப்பதில்லை. கட்டியவர்தான் எதிரில் நிற்கிறார்.

அவர் உண்மையான அளவை அனுப்பினார். அம்மாவின் நூலை ஆணியிலிருந்து எடுத்து டேப்பின் மேல் வைத்தேன். இரண்டு விரற்கடைதான் வித்தியாசம். நான் படித்துச் சொன்ன அளவோ ஒரு முழத்துக்கும் மேல் குறைவு. அம்மா அதைப் பார்த்து, "அட, அந்த ரெண்டு விரலு எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டார். "நான் அப்பவே சொன்னேன்" என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை.

புதுக் கம்பு போட்டார். படகு அசையாமல் நின்றது. ஆனால் அதைப் பார்க்கக் கரையில் யாரும் இல்லை. சாய்ந்த கதைதான் ஊரைச் சுற்றியது. வேறு பட்டறைகளில் அதே போலிப் படத்தை வைத்து மலிவாகக் கட்டினார்கள். அவை தள்ளாடியபோதும் "அந்த வேங்கிக்கால் அம்மா மாடலு" என்றுதான் பேசினார்கள். படகு கேட்டு யாரும் வரவில்லை. அம்மா தையல் எந்திரத்துக்கே திரும்பினார். "ஜாக்கெட்டு கவுறாதும்மா" என்பார். அந்த ஆண்டே எனக்கு வேலை கிடைத்தது. கட்டட வரைபடம் எது கைக்கு வந்தாலும், முதலில் மேஸ்திரியிடம் "உங்களுக்கு எப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுத்தான் இன்றும் வேலையைத் தொடங்குகிறேன்.

சிறுநீரகம் பழுதாகி அம்மா படுத்த மாதங்களில் ரத்தம் கொடுத்த அப்பாவின் ஆட்டோ நிறுத்த நண்பர்களுக்கும், சலிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த எதிர்வீட்டாருக்கும், கடல் தாண்டி வந்து ஒரு வாரம் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவுக்கு நான் கொடுத்த வாக்கு அவர் இருந்தவரைக்கும்தான். அந்த விடுதிக்காரருக்கும் இம்மலரில் ஒன்றை நேரில் கொடுக்கப் போகிறேன். அன்று கரையில் நின்ற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், தயவுசெய்து இப்படிச் சொல்லுங்கள்: அளவு சொன்னது படித்த மகள். அம்மா போட்ட முடிச்சு சரியாகத்தான் இருந்தது. நூல் இன்னும் எங்கள் வீட்டு ஆணியில் இருக்கிறது. வந்தால் அளந்து பார்க்கலாம்.

– மகள்