முன்னால் போன சிவப்பு மழைக்கோட்டு

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. நம்பமாட்டேன் என்கிறவர்கள் ஒரு மழை நாளில் புசல்லாவையிலிருந்து கம்பளைக்குச் சைக்கிளில் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம். சஞ்சீவனிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் மூக்கு சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைச் சொன்னபோது அவளுக்கு முகம் முழுக்க வெளுத்திருந்தது.

கண்டியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா அவள். லீவு நாள் வந்தால் சைக்கிள்தான். அந்த முறை கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறி, அங்கே தங்கி, மறுநாள் இறங்குவதாகத் திட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் போனார்கள். முன்னால் போகிறவர் குழுத் தலைவர் ரஸீன். கடைசியில் வருகிறவள் சஞ்சீவனி. கடைசி ஆளுக்கு 'வால்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். வாலுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. யார் நின்றாலும் வாலும் கூடவே நிற்க வேண்டும்.

அவளுக்கும் அதுதான் வசதி. தம்பி சுதேஷுக்கு அது முதல் நீண்ட பயணம். அப்பா ரோட்டு விபத்தில் போனதிலிருந்து, சைக்கிள் என்றாலே அம்மா ஞானேஸ்வரிக்குப் பயம். "அவனுக்குப் பின்னாலயே நீ இருக்கணும். அவனக் கொண்டாந்து வீட்டுல விடுறது ஒம் பொறுப்பு," என்று ஒன்றுக்குப் பத்துத் தடவை சொல்லித்தான் அனுப்பினார்.

மறுநாள் இறங்கும் வழியில், புசல்லாவையில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போதே நல்ல மழை. சுதேஷ் சிவப்பு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் இறங்கினான். அவன் சைக்கிளில் மட்கார்ட் கிடையாது. இல்லாமல் ஓட்டுவதுதான் ஸ்டைலாம். பின்சக்கரம் அள்ளி வீசிய சேற்றுத் தண்ணீர் முழுக்க அக்காவின் முகத்தில்தான் விழுந்தது. வாயெல்லாம் மண். வீட்டுக்கு வா, உன்னை வெளுக்கிறேன் என்று கத்தினாள். அவன் திரும்பாமலே கையை ஆட்டிச் சிரித்தான்.

ஒரு வளைவில் பஸ் ஒன்று இரைந்துகொண்டு ஏறி வந்தது. ஓரமாக ஒதுங்கிக் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பனி இறங்கிவிட்டது. தேயிலை மலை காணாமல் போனது. மணி மூன்றேகால், பட்டப்பகல். ஆனாலும் பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனது.

பனிக்குள் சிவப்பு மழைக்கோட்டு தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு இறங்கினாள்.

கொஞ்ச தூரம் போயிருப்பாள். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அக்கா... நில்லுக்கா..."

சுதேஷின் குரல்.

தூக்கிவாரிப்போட்டது. சுதேஷ் முன்னால் போகிறான். கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அப்படியென்றால் பின்னால் யார்?

ஆளில்லாத இடத்தில் யாராவது கூப்பிட்டால் திரும்பாதே, அது தெரிந்த குரலில்தான் கூப்பிடும். சின்ன வயதில் அம்மா சொன்னது. பயம் வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் எந்த மூலைக்கு? தாய் சொல்லைத் தட்டாதே என்பார்கள். அவள் தட்டவில்லை. திரும்பாமல் பிரேக்கை விட்டாள்.

"அக்கா! நில்லு!"

இந்த முறை கிட்டத்தில் கேட்டது.

வேகமாகப் போடா என்று முன்னால் கத்தினாள். சிவப்பு மழைக்கோட்டு திரும்பவில்லை. கையை ஆட்டவில்லை. வேகம் மட்டும் கூடியது.

என்னவோ சரியில்லை... குழி வந்தால் முன்னால் போகிறவர் கத்த வேண்டும். பின்னால் வருகிறவர் தப்பிக்க அதுதான் வழி. இரண்டு குழி போய்விட்டது. அவன் வாயே திறக்கவில்லை. செயின் சத்தமும் இல்லை. மழைச் சத்தம் மட்டும்...

முன்னால் வளைவு. மழைக்கோட்டு இடது கையை நீட்டி ரோட்டோரத்தைக் காட்டியது. இப்படி ஒதுங்கி வா என்று குழுவில் எல்லாரும் காட்டுகிற சைகைதான். பழக்க தோஷம். அவளும் இடப்பக்கம் ஒடித்தாள்.

அப்போதுதான் உறைத்தது.

வாயில் மண் இல்லை.

முகத்தில் மழைத் தண்ணீர் மட்டும்... சுத்தமான தண்ணீர்.

முன்னால் போன சக்கரத்தைப் பார்த்தாள்.

ஈர ரோட்டில் உருண்டுகொண்டிருந்தது...

ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை.

இரண்டு பிரேக்கையும் இறுக்கினாள். சறுக்கி விழுந்தாள்.

கையை ஊன்றிப் பார்த்தாள். ரோட்டைக் காணோம். ஓரம் மழையில் சரிந்து போயிருந்தது. கீழே ஒரு கல் உருண்டது... உருண்டது... நிற்கவே இல்லை.

சிவப்பு மழைக்கோட்டு எங்கும் இல்லை.

பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. காலடி. ஒரு கை அவள் தோளைத் தொட்டது.

சூடான கை. சேறு அப்பிய கை.

"காது கேக்கலையா ஒனக்கு? செயின் கழண்டு மேல பஸ் நிப்பாட்டுற ஹோல்ட்ல நிக்கிறேன், என்னத் தாண்டிப் போற. நானும் கத்திக்கிட்டே வாறேன்..."

சஞ்சீவனி அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பள்ளத்தில் விழுந்திருப்பேனே என்பதற்கல்ல. பெற்ற தாய் ஒப்படைத்த தம்பியைப் பேய் என்று நினைத்து, எதன் பின்னாலோ ஓடியிருக்கிறோமே என்றுதான் அழுதாள்.

கம்பளையில் ஒரு தேநீர்க் கடையில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். ரஸீனுக்குக் கோபம். சுதேஷுக்கு முன்னால் வந்தவள் நிரோஷினி. பின்னால் ஆளைக் காணோம் என்றால் அவள் நின்று பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்டார்.

நிரோஷினி குழம்பிப்போய்ச் சுதேஷைப் பார்த்தாள்.

"நீதானே நிக்க வேணாம்னு சொன்ன?"

அவன் அப்படியெல்லாம் சொல்லவில்லை என்றான். செயின் கழன்றபோதே அவள் போய்விட்டாளாம். புசல்லாவையை விட்டபிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

நிரோஷினி விடவில்லை. பஸ் போனதும் சிவப்பு மழைக்கோட்டில் பக்கத்தில் வந்தது அவன்தான் என்றாள். பனியில் முகம் தெரியவில்லை. ஆனால் குரல் அவன் குரலேதான்.

"நீங்க போங்க, அக்காவ நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே..."